ப்ளூஸ் பேஸ் லைன் கட்டுவது எப்படி? கார்டு நோட்டுகளும் ஸ்கேலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் கிட்டார் கையில் ஓரளவு படிந்துவிட்டது, ஒன்றிரண்டு ஸ்கேலும் தெரியும், ஆனால் யாராவது "ஏ கீயில் ப்ளூஸ் போடலாம்" என்றால் என்ன வாசிப்பது என்று கை தடுமாறுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. உதாரணங்கள் எல்லாம் ஏ கீயில்தான். ட்யூனிங் வழக்கமான ஈ, ஏ, டி, ஜி. # என்று வருவதை ஷார்ப் என்று படித்துக்கொள்ளுங்கள். டி#, ஈ ஃப்ளாட் இரண்டும் ஒரே ஃப்ரெட்தான். குழப்பம் வேண்டாமென்று எல்லாவற்றையும் ஷார்ப்பாகவே எழுதியிருக்கிறேன்.

ப்ளூஸ் ஸ்கேல் நன்றாகத் தெரியும். அதை வாசித்தால் ஏன் பேஸ் லைன் மாதிரி இல்லை?

ஏ ப்ளூஸ் ஸ்கேலில் ஏ, சி, டி, டி#, ஈ, ஜி என்று ஆறு நோட்டுகள். பின்னால் ஓடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டம்) ஏ7 ஆனாலும் டி7 ஆனாலும் ஈ7 ஆனாலும் இந்த ஆறை வைத்தே லீட் கிட்டார் சோலோவை ஓட்டிவிடலாம். லீடுக்கு அது பெரிய சௌகரியம். பேஸுக்கு அதுவே வினை. கார்டு மாறும்போது மாறாத ஒன்றை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால், கார்டு மாறிய சங்கதியே கேட்பவர் காதுக்குப் போகாது. அதைச் சொல்வதுதான் பேஸின் முதல் வேலை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பின்னணி எதுவும் இல்லாமல் பேஸை மட்டும் 12 பார் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் டி7 வந்தது, எந்த இடத்தில் ஈ7 வந்தது என்று எண்ணிப் பார்க்காமலே தெரிகிறதா? தெரிந்தால் அது பேஸ் லைன். தெரியாவிட்டால் அது தாழ்ந்த குரலில் வாசித்த சோலோ.

ஆகவே முதலில் கார்டு, பிறகுதான் ஸ்கேல். அதிலும் இப்போது நிற்கும் கார்டைவிட, அடுத்து வரப்போகும் கார்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதில்தான் லைனின் உயிர் இருக்கிறது.

எந்தக் கார்டுகள், எந்த நோட்டுகள்?

வழக்கமான 12 பார் ப்ளூஸ் இப்படிப் போகும்: முதல் 4 பார் ஏ7, அடுத்த 2 பார் டி7, மறுபடி 2 பார் ஏ7, 9-ஆவது பார் ஈ7, 10-ஆவது டி7, 11-ஆவது ஏ7, 12-ஆவது ஈ7. பிறகு முதலிலிருந்து.

மூன்று கார்டுகளும் டாமினன்ட் செவன்த். ரூட் (கார்டின் பெயரைத் தரும் நோட்), அதிலிருந்து மேஜர் ஸ்கேலில் எண்ணினால் வரும் மேஜர் 3, 5, ஒரு ஃப்ரெட் இறக்கிய 7 ஆன ஃப்ளாட் 7 என்று ஒவ்வொன்றிலும் நான்கு நோட்டுகள்:

ஏ7: ஏ, சி#, ஈ, ஜி
டி7: டி, எஃப்#, ஏ, சி
ஈ7: ஈ, ஜி#, பி, டி

இதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. ஆனால் வெறுமனே ஒப்பிக்காமல், ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது நகர்கிறது என்று பாருங்கள். ஏ7-இலிருந்து டி7-க்குப் போகும்போது சி# ஒரு ஃப்ரெட் இறங்கி சி ஆகிறது. ஜி ஒரு ஃப்ரெட் இறங்கி எஃப்# ஆகிறது. கார்டின் குணத்தைத் தீர்மானிப்பவை இந்த 3-உம் 7-உம்தான், அவை இரண்டுமே ஒரே ஒரு ஃப்ரெட் தூரத்தில் நிற்கின்றன. 4-ஆவது பாரின் கடைசி பீட்டில் சி# வாசித்து, 5-ஆவது பாரில் டி-க்குப் போய், அடுத்த பீட்டில் சி வாசித்துப் பாருங்கள். கிட்டார் இல்லாமலே கார்டு மாறியது காதில் விழும்.

பொதுவான நோட்டுகளையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ நோட் ஏ7-இலும் இருக்கிறது, டி7-இலும் இருக்கிறது. ஈ நோட் ஏ7-க்கும் ஈ7-க்கும் பொது. டி நோட் டி7-க்கும் ஈ7-க்கும் பொது. இது பின்னால் ஓர் இக்கட்டில் கைகொடுக்கும்.

கையை எங்கே வைப்பது?

ஈ கம்பியின் 5-ஆவது ஃப்ரெட்டில் நடுவிரல். அதுதான் ஏ. ஆள்காட்டி விரல் 4-ஆவது ஃப்ரெட்டைக் கவனித்துக்கொள்ளும், மோதிர விரல் 6, சுண்டுவிரல் 7. கை நகரவே வேண்டாம்.

சி# ஏ கம்பியில் 4. ஈ அதே கம்பியில் 7. எஃப்# டி கம்பியில் 4, ஜி டி கம்பியில் 5, மேல் ஏ டி கம்பியில் 7. இப்போது ஏ, சி#, ஈ, எஃப்#, ஜி, எஃப்#, ஈ, சி# என்று ஏறி இறங்குங்கள். எங்கேயோ கேட்டது போல இருக்கும். இருக்க வேண்டும், ஏனென்றால் இது பூகி-வூகி என்ற பழைய ப்ளூஸ் பியானோ பாணியின் இடதுகை வாசிப்பு. 1928-இல் பைன்டாப் ஸ்மித் பதிவு செய்த காலத்திலும், 1938-இல் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் மூவரும் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தபோதும் பூகியின் அடித்தளத்தைத் தாங்கியது பியானோக்காரரின் இடதுகைதான். பேஸ் கிட்டாரைப் பரவலாக்கிய ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் சந்தைக்கு வந்ததே 1951-இல். அதனால் நல்ல பேஸ் லைன் வேண்டுமானால் பேஸ் வாசிப்பவர்களை மட்டும் கேட்காதீர்கள், பழைய பூகி பியானோவையும் கேளுங்கள்.

டி7 வரும்போது இதே விரல் வடிவத்தை ஒரு கம்பி தள்ளி ஏ கம்பியின் 5-ஆவது ஃப்ரெட்டிலிருந்து தொடங்குங்கள். ஈ7-க்கு அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே, 7-இல். அவ்வளவுதான், 12 பாரும் ஓடிவிடும்.

இது கார்டு நோட்டுகள் மட்டும் இல்லையே? எஃப்# எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. ஏ7-இல் எஃப்# கிடையாது. அது 6-ஆவது நோட்; ஸ்கேலிலிருந்து வந்தது. ஸ்கேலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது: இரண்டு கார்டு நோட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புவது.

பேஸுக்கு உதவுகிற ஸ்கேல் மூன்று. ஏ மேஜர் பென்டடானிக்: ஏ, பி, சி#, ஈ, எஃப்#. ஏ மிக்ஸோலிடியன்: ஏ, பி, சி#, டி, ஈ, எஃப்#, ஜி. ஏ மைனர் பென்டடானிக்: ஏ, சி, டி, ஈ, ஜி. முதல் இரண்டும் நடக்கிற லைனுக்கு, அதாவது ஒவ்வொரு பீட்டிலும் ஒரு நோட் வைத்துப் போகும் வாக்கிங் லைனுக்கு உதவும். மூன்றாவது ரிஃப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டுத் துணுக்குக்கு உதவும்.

மிக்ஸோலிடியனில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வேன். ஏ7 ஓடும்போது டி நோட்டில் நிற்க மாட்டேன். கடந்து போகலாம், நிற்கக் கூடாது. நின்றால் டி7 சீக்கிரமே வந்துவிட்டதோ என்று பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம். கார்டு மாறினால் ஸ்கேலும் அதோடு மாற வேண்டும். டி7 வந்த பிறகும் ஏ மேஜர் பென்டடானிக்கிலேயே இருந்து சி#-ஐ அழுத்திப் பிடித்தால், கிட்டார் வாசிக்கும் சி-யோடு நேருக்கு நேர் மோதும். லீட் கிட்டாரில் நிகழ்ந்தால் காரமாக இருக்கிறது என்பார்கள். பேஸில் நிகழ்ந்தால் தப்பு என்பார்கள்.

சி வாசிப்பதா, சி# வாசிப்பதா? ப்ளூஸ் என்றால் மைனர் 3 தானே?

ப்ளூஸின் வசீகரமே இந்த இரண்டுக்கும் நடுவிலான இழுபறிதான். கார்டு சி# என்கிறது, பாடகர் சி பாடுகிறார், அல்லது இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அந்த உரசல் மேலே நிகழ வேண்டுமானால் கீழே ஒருவர் உறுதியாக நிற்க வேண்டும். அதனால் மேஜர் ப்ளூஸில் வாக்கிங் லைன் போகும்போது சி#-ஐத் தயங்காமல் வாசியுங்கள். ஏ7 கார்டில் நீளமாக நிற்கிற நோட்டாக சி-ஐ வைக்காதீர்கள்.

சி-க்கு வேறு இரண்டு இடம் உண்டு. ஒன்று, சி#-க்கு முன்னால் ஒரு நொடி தொட்டுப் போவது: ஏ கம்பியில் 3-ஆவது ஃப்ரெட்டை அடித்து உடனே 4-இல் விரலை அடித்து ஏற்றுவது. வலதுகை ஒரே ஒரு முறைதான் மீட்டுகிறது. அந்தச் சின்ன வழுக்கலில் ப்ளூஸ் முழுதும் வந்துவிடும். இரண்டாவது, ரிஃப். மொத்தக் குழுவும் ஏ, சி, டி என்று ஒரே ரிஃப்பைச் சேர்ந்து வாசிக்கிறது, டி7 வந்தால் டி, எஃப், ஜி என்று அப்படியே தள்ளிப் போகிறது என்றால், அங்கே மைனர் பென்டடானிக்தான் ராஜா. கிட்டாரும் பேஸும் ஒரே நோட்டில் இருப்பதால் மோதல் என்ற பேச்சே இல்லை.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? ரூட், ஆக்டேவ், ஃப்ளாட் 7, 5 என்று ஒரு பாதுகாப்பான வடிவம் இருக்கிறது: ஏ, மேல் ஏ, ஜி, ஈ. இதில் 3 என்பதே இல்லாததால் மேஜருக்கும் ஒத்துப்போகும், மைனருக்கும் ஒத்துப்போகும். தெரியாத பாட்டின் முதல் சுற்றை இதை வைத்து ஓட்டிவிடலாம். முழுப் பாட்டையும் இதிலேயே ஓட்டினால் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி.

வாக்கிங் லைனை நானே கட்டுவது எப்படி? ஒரு 12 பார் முழுதாகக் காட்ட முடியுமா?

ஒரு பாரில் நான்கு பீட். முதல் பீட்டில் ரூட். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கார்டு நோட்டோ ஸ்கேல் நோட்டோ. நான்காவது பீட்டில், அடுத்த பாரின் முதல் நோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் நோட். இந்த நான்காவது பீட் நோட்டை அப்ரோச் நோட் என்பார்கள். வண்டி திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போடுவது போல அது: எந்தப் பக்கம் போகிறோம் என்று குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்ரோச் நோட் இலக்குக்கு ஒரு ஃப்ரெட் கீழே இருக்கலாம், ஒரு ஃப்ரெட் மேலே இருக்கலாம். அது எந்த ஸ்கேலிலும் இல்லாத நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பீட்தான் வாழ்கிறது, அடுத்த பீட்டில் அதற்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. ஸ்கேலின் ஐந்தாவது நோட்டிலிருந்து குதிப்பதும் உண்டு. டி-க்குப் போக முன்னால் ஏ வைப்பது அந்த வகை.

எழுதும்போது பின்னாலிருந்து எழுதுங்கள். முதலில் 12 பாருக்கும் முதல் பீட் நோட்டுகளை எழுதுங்கள். பிறகு நான்காவது பீட்டுகளை நிரப்புங்கள். நடுவில் இருப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது பெரும்பாலும் தானாகவே அமையும். அப்படிக் கட்டிய ஒரு லைன் இதோ:

1-ஆவது பார், ஏ7: ஏ – சி# – ஈ – எஃப்#
2-ஆவது பார், ஏ7: ஜி – எஃப்# – ஈ – சி#
3-ஆவது பார், ஏ7: ஏ – பி – சி – சி#
4-ஆவது பார், ஏ7: ஈ – ஜி – ஈ – டி#
5-ஆவது பார், டி7: டி – எஃப்# – ஏ – பி
6-ஆவது பார், டி7: சி – ஏ – எஃப்# – ஜி#
7-ஆவது பார், ஏ7: மேல் ஏ – ஈ – எஃப்# – ஜி
8-ஆவது பார், ஏ7: மேல் ஏ – ஜி – எஃப்# – எஃப்
9-ஆவது பார், ஈ7: ஈ – டி – பி – சி#
10-ஆவது பார், டி7: டி – சி – பி – ஏ#
11-ஆவது பார், ஏ7: ஏ – சி# – டி – டி#
12-ஆவது பார், ஈ7: ஈ – டி – பி – ஜி#

4-ஆவது பாரின் கடைசியில் டி#. ஏ7-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அடுத்து டி வருவதால் மேலிருந்து ஒரு ஃப்ரெட் இறங்கி வீட்டுக்குள் நுழைகிறது. 6-ஆவது பாரின் ஜி# அதே காரியத்தைக் கீழிருந்து செய்கிறது. எஃப்#-ஐ டி கம்பியின் 4-ஆவது ஃப்ரெட்டிலும், ஜி#-ஐ 6-இலும், மேல் ஏ-வை 7-இலும் எடுங்கள். கை தானாக மேலே ஏறும்.

8-ஆவது பார் எனக்குப் பிடித்த இடம். மேல் ஏ-விலிருந்து ஜி, எஃப்#, எஃப் என்று படி இறங்கி 9-ஆவது பாரின் ஈ-யில் கால் வைக்கிறது. ஈ7 என்பது இந்தப் பன்னிரண்டில் பதற்றம் உச்சத்தில் இருக்கும் கார்டு. அதற்கு முந்தைய பார் முழுவதையும் அங்கே போய்ச் சேர்வதற்கே செலவழித்தால் பாட்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகரும். எஃப்-ஐ ஏ கம்பியின் 8-ஆவது ஃப்ரெட்டில் எடுத்தால் அடுத்த ஈ பக்கத்திலேயே 7-இல் கிடைக்கிறது.

10-ஆவது பாரில் டி-யிலிருந்து ஏ-வுக்கு இறங்குவதும் இதே உத்தி. கடைசி பாரின் ஜி# அப்ரோச் நோட், அதோடு ஈ7-இன் சொந்த 3-உம் கூட. கார்டு நோட்டே அப்ரோச் நோட்டாகவும் அமைந்துவிடும் இடங்களைத் தேடிப் பிடியுங்கள். அவைதான் ஒரு லைனில் மிக இயல்பாகக் கேட்பவை.

இந்த லைனை அப்படியே மனப்பாடம் செய்து மேடையில் வாசித்தாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு சுற்று வாசித்ததும் ஏதாவது ஒரே ஒரு பாரை மட்டும் மாற்றி அடுத்த சுற்று போங்கள். சொந்த லைன் அங்கிருந்துதான் பிறக்கும்.

ஒவ்வொரு பாரிலும் முதல் பீட்டில் ரூட் வாசித்தே ஆக வேண்டுமா?

கார்டு மாறும் பாரில், ஆமாம், குறைந்தது ஆரம்ப காலத்தில். கார்டு மாறாமல் இரண்டு மூன்று பார் ஓடும் இடத்தில் அவசியமே இல்லை. மேலே உள்ள லைனில் 2-ஆவது பார் ஜி-யில் தொடங்குகிறது, 4-ஆவது ஈ-யில், 6-ஆவது சி-யில். மூன்றும் அந்தந்தக் கார்டின் நோட்டுகள்தான். ஏ7 என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது; மறுபடி மறுபடி ஏ-வுக்கே வந்தால் லைன் இரண்டிரண்டு அடி எடுத்து வைத்து நின்று நின்று போகும்.

நோட்டுகள் சரியாக இருக்கின்றன. ஷஃபிள் மாதிரி ஏன் ஒலிக்கவில்லை?

நோட்டில் பிரச்சினை இல்லை, நீளத்தில் இருக்கிறது. ஷஃபிளில் ஒரு பீட்டை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கிலும் மூன்றாவது பங்கிலும் அடிக்கிறோம். நடுப்பங்கு காலியாக, அல்லது முதல் நோட்டின் நீட்சியாக இருக்கும். இரண்டு சம பாதியாகப் பிரித்து வாசித்தால் ராக் ஆகிவிடும்.

வாக்கிங் லைனில் பீட்டுக்கு ஒரு நோட்தான் வாசிக்கிறீர்கள் என்றாலும் இந்த மூன்று பங்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு பீட்டின் மூன்றாவது பங்கில் ரூட்டை லேசாகத் தட்டிவிட்டு அடுத்த பீட்டுக்குப் போங்கள். இடதுகை விரலை முழுதாக அழுத்தாமல் 'டக்' என்று ஒலிக்கும் செத்த நோட்டாக இருந்தாலும் போதும்.

நோட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். டிரம்ஸில் ஸ்னேர் விழுவது 2-ஆவது, 4-ஆவது பீட்டுகளில். அந்த அடி விழும் கணத்தில் உங்கள் முந்தைய நோட் இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்னேரின் கூர்மை மழுங்கிவிடும். பேஸின் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சேறுதான். புது நோட் தொடங்கும்போது பழையது முழுதாக அடங்கியிருக்க வேண்டும்.

மெதுவான ப்ளூஸில் இதே லைன் வேலை செய்யுமா?

நோட்டுகள் செய்யும், நடை செய்யாது. மெதுவான ப்ளூஸ் பெரும்பாலும் 12/8: ஒரு பாரில் நான்கு பெரிய பீட், ஒவ்வொன்றிலும் மூன்று சின்ன பீட். நிமிடத்துக்கு 60 பெரிய பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் நான்கு வினாடி. நான்கு நோட் வாசித்தாலே நிறைய இடம் மிஞ்சும். அந்த இடத்தை நிரப்ப கை துறுதுறுக்கும். அடக்குங்கள். ரூட்டை நீளமாக விடுங்கள், நான்காவது பீட்டின் மூன்று சின்ன பீட்டுகளில் மட்டும் அடுத்த கார்டை நோக்கி நகருங்கள். ஏ7-இலிருந்து டி7-க்கு என்றால் அந்த மூன்றில் பி, சி, சி#.

இரண்டாவது பாரிலேயே நாலாவது கார்டு (ஸ்கேலின் 4-ஆவது நோட்டில் நிற்கும் கார்டு, ஏ கீயில் டி7) வந்துவிடுகிறது. அதை எப்படிச் சமாளிப்பது?

அதற்குக் குயிக் சேஞ்ச் என்று பெயர். 2-ஆவது பாரில் டி7, 3-ஆவதில் மறுபடி ஏ7. முன்பே தெரிந்தால் முதல் பாரை ஏ – சி# – ஈ – டி# என்று முடித்து டி-யில் இறங்கிவிடலாம்.

தெரியாத குழுவோடு வாசிக்கும்போது பாட்டு தொடங்கிய பிறகுதான் தெரியும் என்றால், இதற்குத்தான் பொதுவான நோட்டைக் கவனிக்கச் சொன்னேன். 2-ஆவது பாரின் முதல் பீட்டில் ஏ வாசியுங்கள். கார்டு ஏ7 ஆக இருந்தால் அது ரூட், டி7 ஆக இருந்தால் அது 5. இரண்டிலும் தப்பில்லை. அந்த ஒரு பீட்டுக்குள் கிட்டார்காரரின் இடதுகையைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த சுற்றில் முன்பே தெரிந்தவர் போல வாசிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

மைனர் ப்ளூஸ்?

கார்டுகள் ஏ மைனர், டி மைனர். ஈ மட்டும் பெரும்பாலும் ஈ7 ஆகவே இருக்கும். ஏ மைனரில் ஏ, சி, ஈ, ஜி. இங்கே மைனர் பென்டடானிக்கே கார்டு நோட்டுகளையெல்லாம் உள்ளடக்கியிருப்பதால் வேலை சுலபம். இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஈ7 வரும்போது ஜி-ஐ ஜி# ஆக்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஜி வாசித்தால் கார்டே தளர்ந்துவிடும். அப்புறம், மேஜர் ப்ளூஸின் பூகி வடிவத்தை 3-ஐ மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்தால் 6-ஆவது நோட்டான எஃப்# துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குப் பதில் ஆக்டேவுக்குப் போங்கள்.

9-ஆவது பாரும் பல மைனர் ப்ளூஸில் வேறு மாதிரி. ஈ7-க்கு நேராகப் போகாமல் எஃப் கார்டுக்குப் போய், 10-ஆவது பாரில் ஈ7-க்கு இறங்கும். பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்த 'தி த்ரில் இஸ் கான்' இந்த அமைப்புக்கு நல்ல உதாரணம். அது பி மைனரில் இருப்பதால் 9-ஆவது பாரில் ஜி, 10-ஆவதில் எஃப்#. பேஸ் ஜெர்ரி ஜெமட். அந்த ஒரு ஃப்ரெட் இறக்கத்தைக் கேளுங்கள்.

டர்ன்அரவுண்டில் என்ன வாசிப்பது?

கடைசி இரண்டு பார்தான் டர்ன்அரவுண்ட். பாட்டை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பிவிடும் இடம். ஏறுவதானால் ஏ – சி# – டி – டி#, பிறகு ஈ. இறங்குவதானால் மேல் ஏ – ஜி – எஃப்# – எஃப், பிறகு ஈ. நீங்கள் ஏறும்போது கிட்டார் இறங்கினாலும் கவலை வேண்டாம், 12-ஆவது பாரின் ஈ-யில் இருவரும் சந்தித்துக்கொண்டால் போதும். மேலே காட்டிய 12 பாரில் 8-ஆவது பாரிலேயே இறக்கத்தைச் செலவழித்துவிட்டதால்தான் 11-ஆவதில் ஏற்றம் வைத்தேன்.

பியானோ வாசிப்பவரும் குழுவில் இருந்தால்?

அவருடைய இடதுகையோடு பேசிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வாக்கிங் லைன் போனால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒன்று, இருவரும் ஒரே லைன். அல்லது அவர் இடதுகையை விட்டுவிட்டு மேலே கார்டு மட்டும். மூன்றாவது வழி கிடையாது.

எப்படிப் பயிற்சி செய்வது?

12 பாரை ரூட் மட்டும் வைத்துப் போங்கள். அடுத்த சுற்று ஒவ்வொரு கார்டுக்கும் 3 மட்டும்: ஏ7-க்கு சி#, டி7-க்கு எஃப்#, ஈ7-க்கு ஜி#. பிறகு ஃப்ளாட் 7 மட்டும்: ஜி, சி, டி. விசித்திரமாக ஒலிக்கும், பரவாயில்லை. ஃப்ரெட்போர்டில் இவை எங்கே இருக்கின்றன என்று யோசிக்காமல் விரல் போய்விழும் வரை இதைச் செய்யுங்கள். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதைவிட இதில் பலன் அதிகம்.

மெட்ரோனோமை ஒவ்வொரு பீட்டுக்கும் வைக்காமல் 2-க்கும் 4-க்கும் மட்டும் அடிப்பதாக எண்ணி வாசியுங்கள். அது ஸ்னேர். முதல் பீட்டை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும், தாளம் எங்கே ஆடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாட வராத லைன் பெரும்பாலும் விரல் பழக்கத்தில் வந்த லைன்.

யாரையெல்லாம் கேட்கலாம்?

வில்லி டிக்ஸன்: 1950-களில் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸில் மடி வாட்டர்ஸ், ஹவுலின் வுல்ஃப் ஆகியோரின் பதிவுகளில் நின்று வாசிக்கும் பெரிய பேஸ். எவ்வளவு குறைவான நோட்டில் ஒரு குழுவை நகர்த்தலாம் என்பதற்கு அவர். டொனால்ட் 'டக்' டன்: மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸில் ஆல்பர்ட் கிங்குக்கு வாசித்தவர். ரிஃப் வகைக்கு அவரிடம் போங்கள். டாமி ஷானன்: ஸ்டீவி ரே வானின் குழுவில். கிட்டார் ஒன்றே ஒன்றுதான், அது சோலோவுக்குப் போனபின் கார்டைத் தாங்க வேறு ஆள் இல்லை என்னும்போது பேஸ் என்ன செய்கிறது என்று அவரிடம் கவனிக்கலாம்.

பாட்டை எப்படி முடிப்பது? எப்போதும் அங்கேதான் குழப்பம்.

பரவலான முடிவு ஒன்று: கடைசிச் சுற்றில் 11-ஆவது பாரில் ஏ – சி# – டி – டி# என்று ஏறி, 12-ஆவது பாரின் முதல் பீட்டில் ஈ. பிறகு எல்லோரும் சேர்ந்து ஏ#, உடனே ஏ. ஏ#-ஐக் குட்டையாக வெட்டி, ஏ-வை நீட்டிவிடுங்கள். ஏ# இங்கேயும் அதே அப்ரோச் நோட்தான், இம்முறை மொத்தக் குழுவும் சேர்ந்து வாசிக்கிறது. டிரம்மர் கடைசியாக சிம்பலைப் பிடித்து அடக்கும் வரை கம்பியிலிருந்து கையை எடுக்காதீர்கள். அவர் அடக்கும்போது நீங்களும் அடக்குங்கள்.